கிணற்றடி அறையில் எழுதிய அத்தியாயம்

என் மாமியார் நாலாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் வாசிப்பாள், மலையாளம் எழுத்துக் கூட்டுவாள், ஆங்கிலத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் இடைக்கால ஆங்கிலக் கவிதைகளில் மனைவியின் அதிகாரம் என்ற தலைப்பில் அந்தக் காலத்தில் யாருக்காவது டாக்டர் பட்டம் கொடுத்திருக்க வேண்டுமென்றால், எனக்கல்ல, அவளுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். இதை ஒரு வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் இல்லையென்று சொன்னால் அது பொய், பொய் சொல்லி நான் பட்டது போதும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. திருவனந்தபுரத்தில் கரமனையில் பிறந்து வளர்ந்தவளை வலியசாலைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஊர் மாறவில்லை, பஸ் மாறியது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பே நான் ஆங்கில இலக்கியத்தில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று அப்பா அதைக் கொஞ்சம் பயந்துகொண்டுதான் சொன்னார். மாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"படிக்கட்டுமே, நன்னாப் படிக்கட்டும். மொதல் கொழந்தை வரைக்கும் படிக்கட்டும். பின்னே மதியாக்கி நிறுத்திக்கணும், கேட்டேளா?"

எல்லாருக்கும் அது பெருந்தன்மையாகப் பட்டது. அப்பா கண்கலங்கிவிட்டார். நானும்தான் தலையாட்டினேன். ஒரு முழுப் புத்தகத்தை எழுதி முடிக்க ஒரு வயிறு தரும் அவகாசம்தான் எனக்கு என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

என் கணவர் அரசாங்க உத்தியோகஸ்தர். கல்யாணமாகி ஆறு மாதத்தில் பதவி உயர்வு கொடுத்துக் கண்ணூருக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கும் மேலாகி, வருவார். கெட்டவர் இல்லை. அம்மா சொன்னால் சரி, ஆபீசர் சொன்னால் சரி என்று வளர்ந்த மனிதர். வீட்டில் மாமியாரும் நானும் மட்டும். அவருக்கு ஒரே தங்கை, அவள் கல்யாணமாகி பம்பாயில் இருந்தாள்.

நான் எடுத்துக்கொண்டது யார் எழுதினார் என்றே தெரியாத ஒரு நீண்ட கதைப்பாட்டு. கோட்டைக்காரப் பிரபு ஒருவன் சண்டைக்குப் போகும்போது சாவிக்கொத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் ஏழு வருடம் கோட்டையை ஆளுகிறாள். அவன் திரும்பி வந்ததும், இவள் நடத்தை சரியில்லை என்று காரியஸ்தன் கோள் மூட்டுகிறான். அவள் சபை நடுவில் எழுந்து நின்று பேசுகிறாள். இருநூறு வரிப் பேச்சு. பேசி முடித்ததும் பிரபு மண்டியிட்டுச் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த இருநூறு வரியைப் பற்றி மட்டும் நான் நாற்பது பக்கம் எழுதினேன். மனைவியின் அதிகாரம் அவள் சொல்லில் இருக்கிறது, வாதத்தில் இருக்கிறது, வாய் திறந்து பேசத் தெரிந்தவளை எந்தப் புருஷனும் ஒன்றும் செய்ய முடியாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். இருபத்துமூன்று வயது எனக்கு.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை கோட்டயத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லாரையும்போல நானும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அந்த நாற்பது பக்கத்தையும் வாசித்துவிட்டு, கடைசியில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவளைப் பேச விட்டது யார்? அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. நாற்பது பக்கத்தில் இவருக்குக் கிடைத்தது இதுதானா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

வலியசாலை வீட்டில் வாசிக்க நேரம் கிடையாது. வேலை இல்லாவிட்டாலும் மாமியார் வேலை உண்டாக்குவாள். அலம்பிய பாத்திரத்தை மறுபடி அலம்பச் சொல்வாள். நான் புத்தகத்தைத் திறந்ததும் அவளுக்கு அரிசியில் கல் தெரியும். மாதத்தில் மூன்று நாள் மட்டும் அவள் கை எட்டாத இடம் ஒன்று எனக்கு இருந்தது. தூரம் என்று வீட்டு விலக்கான பெண்கள் ஒதுங்கி இருக்கப் பின்னால் கிணற்றடியை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. சமையலறைக்குள் போகக்கூடாது, யாரையும் தொடக்கூடாது, எதையும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. சாப்பாடு வாசல்வரை வந்துவிடும். எத்தனையோ பெண்கள் அந்த அறையைச் சபித்திருப்பார்கள். எனக்கு அது பல்கலைக்கழக நூலகத்தைவிட உசத்தி.

முதல் மாதம் புத்தகத்தோடு போனபோது மாமியார் வாசலில் நின்று யோசித்தாள். விலக்கான சமயத்தில் புத்தகத்தைத் தொட்டால் சரஸ்வதிக்கு ஆகாதே என்பது அவள் கவலை. கடைசியில் அவளே தீர்ப்பும் சொன்னாள்.

"இங்கிலீஷ் புஸ்தகம்தானே? அதிலே என்ன சரஸ்வதி இருக்கப் போறா? சாரமில்லே, பரவாயில்லே, எடுத்துண்டு போ."

இப்படி என் ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்தது. மூன்று நாளை நாலாக்கினேன். நாலை ஒருமுறை ஐந்தாக்கினேன். மாமியார் பின்கட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒவ்வொரு மாதமும் நான் ஒதுங்கிய தேதியில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவாள். என் மாதங்கள் எல்லாம் அந்தச் சுவரில் கரிக்கோடாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருட்டுத்தனமாகக் கிடைத்த இரண்டு நாளில் எவ்வளவு எழுதலாம் என்பதே என் நினைப்பாக இருந்தது.

அந்த வருட ஓணத்துக்கு அவர் பத்து நாள் விடுப்பில் வந்து போனார். அவர் கண்ணூருக்குக் கிளம்பிய மறுவாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, ஜனவரியில் தான் இங்கிலாந்துக்குப் போவதாகவும், திரும்பி வர இரண்டு வருடம் ஆகும் என்றும் சொன்னார். டிசம்பருக்குள் முழு ஆய்வேடும் தன் கையில் இருந்தால் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இல்லாவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். எழுத இரண்டு அத்தியாயம் பாக்கி. மூன்று மாதம் இருந்தது.

கன்னி மாதம், தமிழ்க் கணக்கில் புரட்டாசி, நவராத்திரி வந்தது. வீட்டில் கொலு. சாயங்காலமானால் தெருவில் உள்ள அத்தனை மாமிகளும் வருவார்கள். சுண்டல் வேக வைப்பதும் வெற்றிலை பாக்கு மடிப்பதும் வந்தவர்களுக்குப் பாய் போடுவதும் என் வேலை. ஒரு வரி எழுதவில்லை. இதற்கிடையில் எனக்கு நாளும் தள்ளிப் போயிற்று. நாலு நாள் தள்ளியதும் தெரிந்துவிட்டது. காலையில் காப்பி வாசனை குடலைப் பிரட்டியது.

மொதல் கொழந்தை வரைக்கும். அந்தச் சொல் காதில் மணியடித்தது. மாமியாருக்குத் தெரிந்த அன்றைக்கே என் புத்தகங்கள் பரண் ஏறிவிடும்.

கன்னி பதினாலாம் தேதி காலையில், கொலுவுக்கு விளக்கேற்றுவதற்கு முன், நான் மாமியாரிடம் போய், "அம்மா, நான் தூரமாயிட்டேன்" என்றேன்.

ஒரே பொய்யில் இரண்டு காரியம். வயிற்றில் இருப்பது தெரியாது, மூன்று நாள் எழுதவும் கிடைக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மாமியாருக்கு முகம் கறுத்தது. நவராத்திரியில் போய் இப்படியா என்று முணுமுணுத்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் கோடு போட்டாள். நான் கட்டுக் காகிதத்தோடு கிணற்றடி அறைக்குப் போனேன். பழைய துணிகளைத் தண்ணீரில் நனைத்துக் கொடியில் காயப் போட்டேன், சந்தேகம் வரக்கூடாதே என்று. அந்த மூன்று நாளும் உள்ளே மாமிகள் அம்பாள் பாட்டுப் பாட, வெளியே நான் என் கோட்டைக்காரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சாவிக்கொத்து அத்தியாயத்தை அங்கேதான் முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எழுதியதே கிடையாது, அதற்கு முன்பும் பின்பும்.

ஒரு மாதம் இப்படியே ஓட்டினேன். அடுத்து வந்த துலா மாதத்தில் என்னால் மறைக்க முடியவில்லை. கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது மாமியார் பின்னால் வந்து நின்றாள். தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"டாக்டராண்ட போகணும்" என்றாள். "நாளைக்கே போவோம்."

டாக்டரம்மா மலையாளி. கூட்டம் அதிகம். உள்ளே போனதும் தலை நிமிராமலே, "லாஸ்ட் டேட் எப்போழா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "கன்னி பதினாலு, டாக்டர்" என்றாள். பாடம் ஒப்பிப்பதுபோல.

டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். அந்தத் தேதிக்கு அளவு கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தேதி நன்றாக ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

"டேட் சரியாணோ? ஓர்மை உண்டல்லோ?"

மாமியார் தலைமாட்டில் நின்றாள். நவராத்திரியில், அம்பாள் உட்கார்ந்திருக்கும் வீட்டில், பொய்த் தூரம் சொன்னவள் என்று அவள் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு இருந்த பயம் அவ்வளவுதான். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

"சரிதான், டாக்டர்" என்றேன்.

அவர் ஒரு தாளில் அந்தத் தேதியை எழுதி, அதிலிருந்து மாதம் கூட்டிப் பிரசவத் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமியார் அதை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வரும்போதுதான் நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். ஓணம் கன்னிக்கு முந்தின சிங்க மாதம். அவர் ஊருக்குப் போனது கன்னி பிறப்பதற்கு முன்னால். அதற்குப் பிறகு, தீபாவளிக்குக்கூட விடுப்பு கிடைக்காமல், வீட்டுப் படி மிதிக்கவில்லை. கன்னி பதினாலில் நான் தூரம் என்றால், வயிற்றில் இருப்பது அதற்குப் பிறகு வந்தது. அதற்குப் பிறகு வந்தது என்றால்.

ஆரியசாலை நிறுத்தத்தில் பஸ் நின்றபோது மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பக்கத்தில் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாளை அவள் மகனுக்குத் தபாலில் அனுப்பினாள். நல்ல சேதி, சந்தோஷமான சேதி, டாக்டர் எழுதிக் கொடுத்தது என்று. பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. எனக்கு அல்ல, அவளுக்கு. அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "ஓணத்துக்குப் பிறகு நான் வீட்டுக்கு வரவில்லை என்பது அம்மாவுக்கு நினைவிருக்கும். மற்றதை நேரில் பேசிக்கொள்கிறேன்." இரண்டே வரி. வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். நான் தயாராக இருந்தேன். என்னைவிட யார் தயாராக இருந்திருக்க முடியும்? இப்படிச் சபை நடுவில் நிற்கும் பெண்ணைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள் நான். நடந்ததைச் சொன்னேன். கன்னி மாதம் நான் தூரம் ஆகவே இல்லை. எழுத நேரம் வேண்டும் என்று பொய் சொன்னேன். குழந்தை ஓணத்தில் வந்தது. உங்கள் குழந்தை. நாலு வாக்கியத்துக்கு மேல் இருக்காது. சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவர் நிதானமாகக் கேட்டார். கத்தவில்லை.

"பொய் சொன்னேன்னு நீயே சொல்றே. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? டாக்டர் கேட்டப்போவும் சரின்னுதானே சொன்னே? ரெண்டு பேர்கிட்ட ரெண்டு தரம் சொல்லியிருக்கே. இப்போ ஒரு தரம் மாத்திச் சொல்றே. நான் எதை எடுத்துக்கணும்?"

"என் முகத்தைப் பார்த்தா தெரியலையா?"

"நவராத்திரியில அம்பாள் முன்னாடி பொய் சொன்ன முகம்" என்றார்.

ஒரு வாரம் விடுப்பில் வந்திருக்கிறார். வாரம் முடியும்போது என்னைக் கரமனையில் கொண்டுவிடப் போவதாகச் சொன்னார். என்ன காரணம் என்று அப்பாவிடம் அவரே சொல்வார். அப்பாவை எனக்குத் தெரியும். அதைக் கேட்டபின் அவர் தெருவில் நடக்க மாட்டார். மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. கிணற்றடி அறையில் இல்லை, கூடத்தில்தான் இருந்தேன், ஆனால் இந்தமுறை நிஜமாகவே தூரம்.

நாலாம் நாள் மத்தியானம், அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, மாமியார் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தாமலே பேசினாள்.

"கன்னி பதினாலுக்கு நீ தூரமாகலை. நேக்குத் தெரியும்."

அடுத்த கத்திரிக்காயைக் கையில் எடுத்தாள்.

"கொடியில துணி போட்டியே. ஒரு துணியிலயாவது கறை இருந்துதா? நாப்பது வருஷம் நானும் அந்த ரூம்ல உக்காந்தவதாண்டி. அலசின துணி எப்படி இருக்கும், சும்மா நனைச்ச துணி எப்படி இருக்கும்னு நேக்குத் தெரியாதா? ரெண்டாம் நாளே தெரியும்."

"அப்போ டாக்டர்கிட்ட ஏம்மா அந்தத் தேதியைச் சொன்னேள்?"

"நீ என்ன சொல்லியிருந்தியோ அதைத்தான் சொன்னேன். பொய் உன்னோடது. நான் மாத்திச் சொல்றதுக்கு யாரு?"

நான் அவள் காலில் விழுந்தேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். விழுந்து, அவரிடம் சொல்லுங்கோ, உங்க பேரக்குழந்தை என்று அழுதேன். அவள் கத்திரிக்காய்த் துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள்.

"சொல்றேன். நான் சொன்னா அவன் கேப்பான். ஆனா நீ முதல்ல ஒரு காயிதம் எழுது. ஒன் டீச்சருக்கு. படிப்பு மதியாக்கிட்டேன்னு."

"ஒரு மாசம்மா. ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி."

"நானும் அந்த ரூம்ல இருந்தவதான். நேக்கு ஒருத்தரும் ஒரு புஸ்தகம் தரலை" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தப் பார்வையை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் என் கழுத்தில்தான் இறங்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

காகிதமும் பேனாவும் எடுத்து வந்தேன். ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்ததும் அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"தமிழ்ல எழுது. நேக்கு வாசிக்கணும்."

"டீச்சருக்குத் தமிழ் தெரியாதும்மா."

"அது அவா கவலை."

கோட்டயத்துப் பேராசிரியைக்கு, இடைக்கால ஆங்கிலக் கவிதை ஆராய்ச்சியைக் கைவிடுகிறேன் என்று, வலியசாலைச் சமையலறையில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். முழு மனசோட என்று எழுது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுது. மாமியார் தடுக்கவில்லை என்பதையும் எழுது. எழுதினேன். அவள் விரலை வரிக்கு வரி வைத்து வாசித்துப் பார்த்து, மடித்து, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினாள். முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுத விட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் ரசம் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "கன்னி மாசம் அவ தூரமாகலைடா. நான் துணியைப் பார்த்தேன். கொழந்தை ஓணத்துக்கு உள்ளது."

அவர் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். "அப்படியா, சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் அப்பளம் போடு" என்றார்.

இருநூறு வரி தேவைப்படவில்லை. ரசக்கரண்டி கையோடு சொன்ன மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது. நான் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள், அந்தத் துணியைத் தவிர ஒரு சொல் கூடுதலில்லை. டீச்சர் பென்சிலால் எழுதிய கேள்வி அப்போது எனக்குப் புரிந்தது, அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கும்போது.

அடுத்த வாரம் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். டீச்சர் வகுப்பில் இருந்தார், பார்க்கக் காத்திருக்க எனக்கு முகம் இல்லை. துறையின் பியூன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அம்மா, ஒங்க கடுதாசிய நாந்தான் வாசிச்சேன். டீச்சருக்குத் தமிழ் தெரியாதுல்லா, என்னைய விளிச்சாவ. சாருமாரு டீச்சருமாரு எல்லாரும் இருந்தாவ. சத்தமா வாசிக்கச் சொன்னாவ, வாசிச்சு அர்த்தமும் சொன்னேன்." பிறகு, என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "நல்ல தமிழும்மா" என்றார்.

குழந்தை என் தேதிக்குத்தான் பிறந்தது, டாக்டரம்மாவின் தேதிக்கு அல்ல. பெண். அவர் சாயல் அப்படியே. தெருவில் யார் வந்தாலும் மாமியார் குழந்தையின் மூக்கைக் காட்டி, "எம்புள்ளை மூக்கு" என்பாள். அவர் என்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. டீச்சர் இங்கிலாந்து போய் வந்ததும், பணி ஓய்வு பெற்றதும் பிறர் சொல்லித்தான் தெரியும். கட்டுக் காகிதத்தைப் பரணில் போட்டேன். கரையான் வரும்வரை அங்கே இருந்தது.

பதினோரு வருடம் கழித்து மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. பேசினாள், ஆனால் அது பேச்சாக வெளியே வரவில்லை, குழறலாக வந்தது. அவர் அப்போது திருவனந்தபுரத்துக்கே மாற்றலாகி வந்துவிட்டார். பக்கத்தில் குனிந்து காது கொடுத்துக் கேட்பார், ஒன்றும் புரியாமல் என்னைப் பார்ப்பார். எனக்குப் புரிந்தது. துடைத்து, மலம் அள்ளி, புரட்டிப் போட்டு, கூடவே கிடந்ததில் நாலைந்து நாளிலேயே அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிய ஆரம்பித்தது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

ஒருநாள் காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் குழறினாள். பம்பாயிலிருக்கும் பெண்ணைப் பார்க்கணும், வரச்சொல்லு. தெளிவாக எனக்குக் கேட்டது.

"என்ன சொல்றா அம்மா?" என்று அவர் கேட்டார்.

நான் யோசித்துச் செய்ததல்ல. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் ஆசைதான், ஆனால் அது எனக்கே நிச்சயமில்லை.

"கஞ்சி வேண்டாமாம்" என்றேன்.

மாமியார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மறுபடியும் சொன்னாள், இன்னும் சத்தமாக, எச்சில் வழிய. "போர்வை வேணுமாம், குளிர்றதாம்" என்றேன். அவர் எழுந்துபோய்ப் போர்வை எடுத்துவந்து அம்மாவைப் போர்த்தினார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மறுநாளும் கேட்டாள், தலை வலிக்கிறதாம் என்றேன். மூன்றாம் நாள் அவள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆபீசுக்குப் போனபின், நான் துணி மாற்றும்போது, என் முகத்தையே பார்த்துக்கொண்டு குழறினாள். "போதுண்டி." அதுவும் எனக்குப் புரிந்தது.

நாலாம் நாள் அவரிடம் சொன்னேன், அம்மா பெண்ணைக் கேட்கிறாள் என்று. அவர் உடனே ஓடிப்போய்த் தந்தி அடித்தார். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நோக்காவது அம்மா பேசறது புரியறது" என்றார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒருமுறைதான்.

நாத்தனார் ரயிலில் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அவள் வந்து இறங்கிய காலைக்கு முந்தின காலையில் மாமியார் போய்விட்டாள். ஐஸ் வைத்துக் காத்திருந்தோம். நாத்தனார் அம்மாவின் கால் மாட்டில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்தபின் எழுந்து என்னிடம் வந்தாள். என்மேல் அவளுக்கு எப்போதும் பிரியம். பம்பாயிலிருந்து எனக்கென்று தனியாகப் புடவை வாங்கி அனுப்புபவள். எந்தக் காலத்திலும் எனக்கு ஒரு கெடுதல் நினைத்தவள் இல்லை.

"மன்னி, அம்மா பேசறது உங்களுக்கு மட்டும்தான் புரிஞ்சுதுன்னு அண்ணா சொன்னான். தந்தி கொடுக்கச் சொன்னது அம்மாதானா, இல்லை அண்ணாவைச் சமாதானப்படுத்த நீங்க சொன்னதா? நிஜத்தைச் சொல்லுங்கோ. அம்மா என்னைக் கேட்டாளா?"

கூடம் நிறையத் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தூணில் சாய்ந்துகொண்டு நின்றார். எல்லாரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்றால், எந்த நாளிலிருந்து கேட்டாள் என்று அடுத்த கேள்வி வரும்.

"இல்லைம்மா" என்றேன். "நான்தான் வரச்சொன்னேன். அம்மா யாரையும் கேக்கலை."

இந்தமுறை எல்லாரும் நம்பினார்கள்.